விரலை விசாரிப்பவர்

எங்கள் செருப்புக் கடையில் அவருக்குக் கட்டைவிரல் அண்ணன் என்று பெயர். யார் ஷூ போட்டுப் பார்த்தாலும், குட்டை முக்காலியில் உட்கார்ந்தபடி அதன் நுனியைத் தன் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். "விரல் இடிக்குதா?" அவ்வளவுதான் பேச்சு. வந்தவர் முகம் அவருக்கு நினைவில் நிற்காது, பாதம் மறக்காது. பில் போடும் இடத்திலிருந்து நான் தினமும் பார்க்கிறேனே, சிடுசிடுவென்று வருகிறவர்கள்கூட அவரிடம் காலை நீட்டியதும் வீட்டுக் கதையை அவிழ்த்துவிடுவார்கள்.

புது மேனேஜருக்கு இது போதவில்லை. ஏதோ பயிற்சிக்குப் போய்வந்த சூட்டில், முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும், குடும்பத்தை விசாரிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சட்டம் போட்டார். அப்போதுதான் நெருக்கம் வருமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க மேல ஒரு புகார் வந்தாலும் குடோனுக்கு மாத்திடுவேன்" என்று அண்ணனிடம் தனியாக வேறு சொல்லிவைத்தார். குடோனில் பெட்டிகள்தான் இருக்கும், கால்கள் இருக்காது. அண்ணன் ஆடிப்போய்விட்டார்.

மறுநாளே எங்கள் பழைய வாடிக்கையாளரான டீச்சர் வந்தார். அண்ணன் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி பல்லைக் காட்டினார்.

"வீட்ல சார் நல்லா இருக்காரா மேடம்?"

"அவர் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகப்போகுதுங்க."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அவசர அவசரமாக ஷூவைப் பெட்டியில் போட்டுக் கொடுத்து அனுப்பினார். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "அந்தம்மா மனசை நோகடிச்சிட்டேன்மா. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டாங்க" என்றார்.

அந்த வாரமே டீச்சர் பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்தார். "ஒரு புகார் சொல்லணும்" என்று அவர் ஆரம்பித்ததும் நான் பில் போடுவதை விட்டுவிட்டு எழுந்தேன். மேனேஜர் ஓடிவந்தார். அண்ணன் முக்காலியிலேயே குனிந்துகொண்டார்.

"இத்தனை வருஷத்துல இந்தக் கடை ஷூ என்னைக் கடிச்சதே இல்ல. இது கடிக்குது. அன்னைக்கு இவரு வீட்டை விசாரிச்சாரு, விரலை விசாரிக்கல."

"மேடம், அன்னைக்கு நான் தெரியாம கேட்டுட்டேன்..." அண்ணன் நிமிராமலேயே சொன்னார்.

"அதுல என்னங்க இருக்கு? உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க எப்பவும் போல அழுத்திப் பாருங்க, அது போதும்" என்று டீச்சர் காலை நீட்டினார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணன் அரை அளவு பெரிய ஜோடியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு நுனியை அழுத்தினார். டீச்சர் கணவரைப் பற்றித் தானாகவே பேச ஆரம்பித்தார். அவர் கடைசியாக வாங்கிய ஷூவும் இங்கே வாங்கியதுதானாம். சாருக்கு வலது கால் கொஞ்சம் அகலம் என்று அண்ணனும் சொன்னார். இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அங்கேயே கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். அதன்பிறகு குடோன் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

டீச்சர் கிளம்பியதும் அண்ணன் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, அவங்க முகம் எப்படி இருந்துச்சு?"

"சிரிச்சுக்கிட்டேதான் போனாங்கண்ணே."

அண்ணன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.