பவுடர் பூசாத பூசணி

பூசணிக்காய் என்ன நிறம்?

எளிய கேள்விதான். ஆனால் கடந்த வாரம் ஆவடியில், எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருக்கும் தோட்டத்தில், இதற்கு விடை தெரியாமல் ஒரு கூட்டமே நின்றது. நானும் நின்றேன் – தமிழ் இலக்கியம் படிக்கிறவள்.

தோட்டம் என்பது சற்றே பெரிய சொல். கோடை வரை அது செங்கல் துண்டும் சீமைக் கருவேலமுமாகக் கிடந்த வெற்றிடம். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கும் தேவராஜ் அண்ணன்தான் ஞாயிறுதோறும் ஆள் திரட்டினார். வீட்டுக்கு ஒருவராக வந்தோம். குளியலறைத் தண்ணீரை எல்லாம் ஒரே வாய்க்காலுக்குத் திருப்பினோம்.

அந்த இடத்தில் ஸ்கூட்டர் ஸ்டாண்ட் போடுவதென்று, குவார்ட்டர்ஸைக் கவனிக்கும் எஸ்டேட் அலுவலகம் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. அண்ணன் நேரே போய் அதிகாரியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

"ஆயுத பூஜைக்கு ஃபேக்டரில ஒவ்வொரு ஷாப்புக்கும் ஒரு பூசணி. நம்ம தோட்டத்துது சார்."

"கொடுத்துக் காட்டுங்க. அப்புறம் ஸ்டாண்டைப் பத்திப் பேசலாம்."

ஆக, பூசணி வந்தால் தோட்டம், வராவிட்டால் ஸ்கூட்டர்.

விதை கொண்டுவந்தவர் செல்லம் அக்கா. திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு இங்கே வேலை. அதிகம் பேசாத எனக்கு அதற்கேற்ற வேலை கிடைத்தது – தகரப் பலகையில் பெயர் எழுதுவது. 'பூசணி' என்று, றன்னகரம் எங்கும் வராமல் பார்த்து, அழகாக எழுதி நட்டேன்.

அதன் பிறகு நடந்தவற்றை இன்னமும் வியந்துகொண்டிருக்கிறேன். மாலையில் காற்றில் துழாவிக்கொண்டிருந்த பற்றுச்சுருள், மறுநாள் காலையில் வேலிக் கம்பியை இறுகச் சுற்றியிருக்கும். கண்ணில்லாத ஒன்று கம்பி இருக்குமிடத்தை எப்படி அறிந்தது? சுள்ளென்று வெயில் ஏறுமுன் அக்கா ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைப் பின்னுக்கு மடித்து, பெண் பூவின் நடுவில் மெல்ல ஒற்றுவார்.

"தேனீ லீவுல போயிட்டா யாரு டூட்டி பாக்கதாம்?" என்பார்.

சில நாள்களில் அந்தப் பூவின் அடியிலிருந்த சிறு உருண்டை என் கைக்குள் அடங்கவில்லை. வகுப்பில் கருப்பொருள் உரிப்பொருள் என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஒரு காய் பருப்பதை அருகிலிருந்து பார்த்ததில்லை.

அண்ணனும் பார்த்தார். ஆனால் அவர் தேடியது வேறு. சென்னையில் பூசணி என்றால், திருஷ்டிக்கு உடைக்கிற வெள்ளைக்காய். முற்றினால் மேலே சாம்பல் பூத்திருக்கும். ஞாயிறுதோறும் காயைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்ப்பார்.

"இன்னா, பொண்ணு இன்னும் பவுடர் பூசிக்கல?"

"பூசிக்கும் அண்ணாத்தே, டைம் கீது" என்று சுற்றியிருந்தவர்கள் தேற்றுவார்கள்.

பூசிக்கொள்ளவே இல்லை. பூஜை நெருங்க நெருங்க, காய்கள் பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போயின. ஒரு நாள் அண்ணன் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

"அக்கா... இது பரங்கிக்கா."

"பரங்கியா? பூசணின்னா இதுதான அண்ணாச்சி. நீங்க சொல்லுதது தடியங்காய்லா?"

"உடைக்கறதுக்குக் கேட்டேன்கா."

"படையலுக்குன்னுல்லா நெனச்சேன்."

களை பறித்துக்கொண்டிருந்த பழனியம்மாள் நிமிர்ந்தார். ஈரோட்டுக்காரர். "ரெண்டு பேரும் சும்மா இருங்க. இது அரசாணிக்காயுங்க."

ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் தவறவில்லை. ஒரே மொழி – அதற்குள் இத்தனை ஊர்கள். நான் எழுதிய பலகை மட்டும் எல்லாவற்றுக்கும் சாட்சியாக நின்றது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோயில் பிராகாரத்தில் நிற்பதுபோல் இருந்தது. செல்லம் அக்காவோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோட்டம் போவது தன் விதையால்தான் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

பூஜைக்கு முந்தைய நாள் எஸ்டேட் அதிகாரி வந்தார். ஆங்கிலம் கலந்து, அளந்து பேசுகிறவர். எந்த ஊர்க்காரர் என்று யாருக்கும் தெரியாது. வரிசையாக மஞ்சள் காய்கள். அண்ணன் பின்னங்கழுத்தைச் சொறிந்தார்.

"சார், பூசணின்னு சொன்னோம்... மிஸ்டேக் ஆயிடுச்சி."

அதிகாரி குனிந்து ஒரு காயை விரலால் தட்டிக் கேட்டார்.

"இதுல என்ன மிஸ்டேக்? பூசணிதான இது?"

அண்ணன் காயையும் அதிகாரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உடைக்கறதுக்கு சார்... வெள்ளக் காய்."

"ஓ. அது தடியங்காய்லா?"

செல்லம் அக்கா சட்டென்று திரும்பினார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையா சிரிப்பா, தெரியவில்லை.

அதிகாரி ஒரு காயை வாகாகத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "இத நான் கொண்டுபோறேன். மிச்சத்தைக் கேன்டீனுக்குக் கொடுங்க. அடுத்த பூஜைக்குத் தடியங்காய் போடுங்க."

அண்ணன் ஓரடி முன்னால் வந்தார். "அடுத்த பூஜைக்கா? அப்ப ஸ்டாண்டு சார்?"

"வேற இடமா இல்ல?"

மறுநாள் ஷாப்புகளில் உடைந்தவை அம்பத்தூர் மார்க்கெட்டில் வாங்கிய வெள்ளைக் காய்கள். கேன்டீன் கூட்டில் கரைந்தவை எங்களுடையவை. அதைப் பரங்கிக் கூட்டு என்றும், பூசணிக் கூட்டு என்றும், அரசாணிக் கூட்டு என்றும் சொல்லி எல்லாரும் இரண்டாம் முறை கேட்டார்களாம்.

அடுத்த விதைப்புக்கும் பெயர்ப்பலகை என் பொறுப்புதான். இம்முறை படம் வரையப்போகிறேன்.