அம்மனின் புடவை நிறம்

என் அக்கா புருஷனுக்கு லாரி ஷெட்டில் வைத்த பெயர் நத்தை. வீடு மாற்றுகிறவர்களின் பீரோ, கட்டில், கண்ணாடிச் சாமான்களை ஏற்றிப் போவது அவர் தொழில். நானும் அங்கேதான் சுமை ஏற்றுகிறேன். மற்ற டிரைவர்கள் மூன்று நடை அடிக்கும் நேரத்தில் இவர் இரண்டுதான் அடிப்பார். ஆனால் இதுவரை ஒரு தட்டு உடைந்ததில்லை. அதனால்தான் இருபத்திரண்டு வருடமாக அம்மன் திருவிழாவில் சாமி வண்டி ஓட்ட, கமிட்டிக்கு இவரை விட்டால் வேறு கதியில்லை.

ஊர்வலத்தன்று முதல் கியர், பாதி கிளச். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நின்றால் லாரியும் நிற்கும். அம்மன் காலடியில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைக்கச் சொல்வார். கோயிலுக்குத் திரும்பியதும் சிந்தியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். என் இடம் மேலே, அம்மன் பக்கத்தில். நீளமான மூங்கில் கவையால் தெருவில் தொங்கும் கேபிள்களைத் தூக்கிவிட வேண்டும். சாம்பிராணிப் புகைக்கு நடுவே, நாங்கள் அசையாமல் நிற்க, வீடுகள்தான் கற்பூரத் தட்டுகளோடு மெல்ல மிதந்து போவதுபோல் இருக்கும். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது.

இதில் ஒரு கொடுமை உண்டு. ஊரெல்லாம் பார்க்கும் அலங்காரத்தை அத்தான் மட்டும் பார்த்ததே இல்லை. அம்மன் அவர் தலைக்கு மேலே, பின்னால். கண்ணாடியில் பூச்சரம்தான் தெரியும். திரை விலகும்போது அவர் ஸ்டியரிங்கில் இருப்பார். திரும்பி வந்ததும் திரை போட்டுவிடுவார்கள். அக்காதான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, சாப்பாடு போடும்போது சொல்வாள்: "இந்த வருஷம் கிளிப்பச்சை. மாம்பழக் கலர் பார்டர்." அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வார். அதுதான் அவருக்குத் தரிசனம்.

இந்த வருடம் அக்கா படிக்கட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, நான்கு மாதமாக மூன்றாம் மாடியில் படுத்த படுக்கை. "நான் போக முடியலன்னா என்ன, அவ என்னைப் பாக்க வருவா" என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். கமிட்டித் தலைவர் வந்து அதிலும் மண்ணைப் போட்டார்.

"உங்க தெருவுல கேபிள் ரொம்பத் தாழத் தொங்குது. அம்மன் கிரீடத்துல மாட்டினா யார் பதில் சொல்றது? இந்தத் தடவை நேரா மெயின் ரோடுதான்."

அத்தான் பேசாமல் தலையாட்டினார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில்லாப் பூச்சி! ஒரு வார்த்தை கெஞ்சினால் குறைந்தா போய்விடுவார்? அதற்கப்புறம் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். விழாவன்று காலையில் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். காற்றுக்காக என்று நினைத்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் ஊர்வலம் கிளம்பியது. மேளம், பூமழை, குழந்தைகளைத் தூக்கிக் காட்டும் கைகள். வழக்கம்போல் நான் பாதி மயக்கத்தில் இருந்தேன். ஒரு முனையில் லாரி திரும்பியது. எவ்வளவு மெல்ல என்றால், எங்கள் தெரு மளிகைக் கடையின் போர்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மேளமும் கூட்டமும் பழக்கதோஷத்தில் கூடவே திரும்பிவிட்டன.

பதறிப்போய்க் கவையை உயர்த்தினேன். தூக்குவதற்கு ஒரு கேபிள்கூட இல்லை. எல்லாவற்றையும் யாரோ மேலே இழுத்து பால்கனிக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நைலான் கயிறு. பீரோவுக்குப் போடுகிற முடிச்சு. அந்த முடிச்சு எங்கள் ஷெட்டில் ஒரே ஆளுக்குத்தான் வரும்.

எங்கள் வீட்டுக்கு நேர் கீழே லாரி நின்றது. தலைவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டு இந்தப் பக்கம் திருப்புனீங்க?"

"கை தானா திரும்பிடுச்சுங்க. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். வண்டி வேற சூடாயிடுச்சு, அஞ்சு நிமிஷம் ஆறட்டும்."

சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, பானெட் பக்கம் போகாமல், நிமிர்ந்து நின்றார். தீபாராதனை காட்டினார்கள். மூன்றாம் மாடி ஜன்னலில் அக்கா தலையணையில் சாய்ந்து, கைகூப்பி அழுதுகொண்டிருந்தாள். நானும் அழுதேன். அவரை மனசுக்குள் திட்டியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

கோயிலில் செம்பைப் பார்த்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

வீட்டில் அன்றைக்கு நான்தான் பரிமாறினேன். முதல் கவளம் எடுக்கும்போதே அத்தான் கேட்டார்: "இந்த வருஷம் புடவை என்ன கலர்?"

"நல்லா கேட்டீங்க! நீங்கதான் இறங்கிப் பாத்தீங்களே?" என்றாள் அக்கா, கட்டிலில் இருந்தபடியே.

"நான் எங்க பாத்தேன்? ஜன்னலைத்தானே பாத்துக்கிட்டிருந்தேன். நீ சொல்லு."



"நானும் உங்களைத்தான் பாத்தேன்" என்றாள் அக்கா.

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"வாடாமல்லி. வெள்ளி பார்டர்" என்றேன்.

இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.