மானுக்கு ஒரு மூடி

எங்கள் குடும்பத்தில் வேட்டைப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிய ஒரே ஆள் சின்னம்மாதான். அம்மாவின் தங்கை. ஒஸ்லோவில் பஸ் ஓட்டினார். பஸ் ஓட்டுகிற பெண்ணுக்கு மான் எதற்கு என்று சொந்தக்காரர் எல்லாரும் கேட்டார்கள். "ஆட்டிறைச்சி கடையிலை விக்கிறாங்கள்தானே?" என்று அம்மாவும் கேட்டார். சின்னம்மா இந்தக் காதால் வாங்கி அந்தக் காதால் விட்டுவிட்டு, வேட்டைக்காரர் போடுகிற ஒறேஞ்ச் நிறத் தொப்பி ஒன்றும் வாங்கிக்கொண்டார்.

அவருடன் வேலை செய்த சிலர், ஒஸ்லோவை அடுத்த லோறென்ஸ்கூக்குக்கு அப்பால் ஒரு கிழவருக்குச் சொந்தமான காட்டில் வருடா வருடம் வேட்டையாடினார்கள். அங்கே ஆளுக்கொரு இடம் உண்டு. ஒருவர் பாறையடியில் நிற்பார், ஒருவர் ஓடையடியில். அப்பன் நின்ற இடத்தில் பிறகு மகன் நிற்பான். புதிதாகப் போன சின்னம்மாவுக்கு மிஞ்சியது சதுப்பு நிலத்து மூலை ஒன்றுதான். அந்தப் பக்கம் மான் வந்து கனகாலம் என்றார் கிழவர். சின்னம்மா விடவில்லை. சரி, அங்கேயுள்ள பிர்ச் மரத்தில் ஒரு கமெராவைக் கட்டு என்றார் அவர். எதிரே ஏதாவது அசைந்தால் தானே படம் பிடித்து, கூட்டத்திலுள்ள எல்லாருடைய போனுக்கும் அனுப்புகிற கமெரா அது. வேட்டை தொடங்குமுன் ஒரு மானாவது அதில் விழுந்தால் அந்த மூலை சின்னம்மாவுக்கு. இல்லாவிட்டால் கோப்பி ஊற்றிக் கொடுக்க வரலாம்.

"எனக்கு விசா எடுக்கக் கலியாணப் படம் காட்டினம். இப்ப மானுக்கும் படம் காட்டட்டாம்," என்றார் சின்னம்மா.

அது பள்ளி விடுமுறைக் காலம். எனக்கு எட்டு வயது. அம்மா முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போகிற நாட்களில் நானும், நடக்கப் பழகியிருந்த தம்பியும் சின்னம்மாவின் பொறுப்பு. அவருடைய போன் மணியடித்தால் பாய்ந்து போய்ப் பார்ப்பேன். நரி வந்தது. நரியின் வால் மட்டும் வந்தது. காளான் பொறுக்க வந்த யாரோ ஒருவரின் முதுகு வந்தது. எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது, கமெரா வேலை செய்கிறதா என்று கிட்டப் போய்ப் பார்த்த சின்னம்மாவின் மூக்கு. மற்ற வேட்டைக்காரர்கள் அதற்குச் சிரிக்கிற முகங்களை அனுப்பினார்கள்.

அப்பிள் போட்டு வைக்கலாமா என்று கேட்டார் சின்னம்மா. காட்டு மானுக்குத் தீனி வைக்கக் கூடாது, நோய் பரவும், சட்டம் விடாது என்றுவிட்டார் கிழவர். கடைசியில் அவருக்கே இரக்கம் வந்ததோ என்னவோ, சனிக்கிழமை போன் எடுத்தார். ஞாயிறு பின்னேரம் இடங்களைப் பிரித்துக் கொடுக்கப் போகிறாராம். அதற்கு முன் காலையில் தானும் வந்து பார்க்கிறாராம். சின்னம்மா வரும்போது ஒரு "லொக்" கொண்டு வரட்டாம்.

நோர்வேஜிய மொழியில் லொக் என்றால் மூடி. எனக்கும் அந்த ஒரு அர்த்தம்தான் தெரியும்.

"மூடியை என்ன செய்யிறது, சின்னம்மா?"

"தட்டிக் கலைக்கிறதாக்கும், பிள்ளை. ஊரிலை குரங்கு கலைக்கிற மாதிரி."

வீட்டிலிருந்ததில் மிகப் பெரிய மூடி சோற்றுப் பானையுடையது. அதை நன்றாகத் துடைத்துப் பையில் வைத்தார்.

ஞாயிறும் அம்மாவுக்கு வேலை; நானும் தம்பியும் சின்னம்மாவோடு காட்டுக்குப் போனோம். கிழவர் மூடியைப் பார்த்தார். சின்னம்மாவைப் பார்த்தார். பிறகு கமெராவுக்கு எதிரே சற்றுத் தள்ளியிருந்த மரக்குற்றியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மானை அழைக்கிற ஊதுகுழலுக்கும் அந்த மொழியில் லொக் என்றுதான் பெயராம். ஆடி மாதத்தில் பெட்டை மான் கீச்சிடுகிற மாதிரி ஊதினால் கிடாய் தேடிக்கொண்டு வருமாம். அவருடைய ஊதுகுழல் தொலைந்து போனதால் சின்னம்மாவை ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? சின்னம்மா மூடியை அவருக்குப் பக்கத்தில் குற்றியின் மேல் வைத்துவிட்டு முகம் கறுத்து நின்றார். அந்தக் கிழவரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சின்னம்மாவின் முதுகில் கட்டியிருந்த தம்பி, இறக்கிவிடச் சொல்லிக் காலை உதைத்தான். இறக்கிவிட்டார். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வாங்கி வந்த சப்பாத்து அவன் காலில். அடி வைத்தால் சத்தம் போடும் சாதி. சதுப்பின் மேல் போட்டிருந்த பலகையில் அவன் நடந்தான். கீச். கீச்.

கிழவரின் சிரிப்பு சட்டென்று நின்றது. கையை உயர்த்தினார். இன்னொரு தரம் என்று சைகை காட்டினார்.

சின்னம்மாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. தம்பியின் வாயில் பிஸ்கட்டைத் திணித்து, ஒரு சப்பாத்தைக் கழற்றி, எங்களை இழுத்துக்கொண்டு மரங்களுக்குப் பின்னால் போய்க் குந்தினார். குதிகால் பக்கத்தைப் பெருவிரலால் அமத்தினார். கிழவரும் பக்கத்தில் வந்து குந்தி, விரலால் தாளம் காட்டினார். இரண்டு தரம் கீச், பிறகு மௌனம். நுளம்பு என் கண் இமையில் கடித்தது. நான் அசையவில்லை.

வந்தது. எதிர்ப்பக்கக் காட்டிலிருந்து செம்மண் நிறத்தில் ஒரு கிடாய், கொம்பும் தானுமாக, கலியாண வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நிமிர்ந்து நடந்து வந்தது. நேரே பிர்ச் மரத்தடிக்கு வந்து, கமெராவை உற்றுப் பார்த்தது. சின்னம்மாவின் பையில் போன் மணியடித்தது. மான் ஒரே பாய்ச்சலில் மறைந்தது. ஆனால் படம் அதற்குள் எல்லாருக்கும் போய்விட்டிருந்தது!

சின்னம்மா கத்தினார். நான் கத்தினேன். தம்பியும் ஒற்றைச் சப்பாத்தோடு கத்தினான். கிழவர் ஒரு தடியை எடுத்துச் சோற்றுப் பானை மூடியில் டாங் டாங் என்று அடித்தார். போன் விடாமல் மணியடித்தது. மானுக்குப் பின்னால் மினுங்குகிற அந்த வட்டம் என்னவென்று ஒருவர் கேட்டிருந்தார். கிழவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே சொல்லில் பதில் எழுதினார்: லொக்.

பிறகு அவர் சின்னம்மாவைப் பிர்ச் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஈரப் பாசியின் மேல் நிறுத்தி, நோர்வேஜிய மொழியில் இரண்டு வசனம் சொன்னார். கை கொடுத்துவிட்டுத் தன் காரடிக்கு நடந்தார்.

சின்னம்மா என்னைக் கூப்பிட்டார்.

"இப்ப என்ன சொன்னவர்? தமிழிலை சொல்லு."

"இது உங்கடை இடமாம். நீங்கள் வராட்டியும் இதிலை வேறை ஒருத்தரும் நிக்க மாட்டினமாம்."

"இன்னொருக்காச் சொல்லு, பிள்ளை."

சொன்னேன். அவர் மரத்தைப் பிடித்தபடி நின்றார். மறுபடியும் கேட்டார். ஒஸ்லோ முழுக்க பஸ் ஓட்டி, அந்த மொழியிலேயே சண்டையும் பிடிக்கிற சின்னம்மாவுக்கு இந்த இரண்டு சின்ன வசனம் விளங்கவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. இந்த முறையாவது விளங்கட்டும் என்று, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உரத்துச் சொன்னேன்.