டில்லியில் கேட்ட கேள்வி, மலாக்காவில் போட்ட கதவு

மலாக்காவின் அரசாங்க அலுவலகங்களில் அறைகளுக்குக் கதவு பாதிதான். நடுவில் இரண்டு பலகைகள் ஆடிக்கொண்டிருக்கும். மேலே காற்று போகும், கீழே உள்ளே நிற்பவரின் கால் தெரியும். இந்த வெக்கைக்கு அதுதான் சரி என்று நானும் பழகிவிட்டேன். காலைப் பார்த்தே உள்ளே இருப்பது துரையா, தோட்டத்து ஆளா என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் குடிநுழைவு அலுவலகத்தின் மாடியில் ஒரே ஓர் அறைக்கு மட்டும் முழுக்கதவு போட்டு, வெளியே ஒரு பெஞ்சும் போட்டிருந்ததைப் பார்த்தபோது இதென்ன கூத்து என்று தோன்றியது. தச்சர் இழைத்த சுருள்கள் இன்னும் மூலையில் கிடந்தன.

நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பிக்கிறேன். சமூகநல அதிகாரி மிஸ் லிம் தமிழ் தெரிந்த ஒரு பெண் வேண்டுமென்று கேட்டு அனுப்பியபோது, பள்ளியில் எனக்கு முன்னால் யாரும் கை தூக்கிவிடக் கூடாதே என்ற அவசரத்தில் கையைத் தூக்கிவிட்டேன். புதிதாக ஓர் ஆணை வந்திருப்பதாக அவர் சொன்னார். வெளிநாட்டிலிருந்து ஆண்துணையோடு வந்திருக்கும் இளம்பெண் ஒவ்வொருத்தியையும் தனியே உட்காரவைத்து மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கூட வந்தவர் உனக்கு யார்? உன் விருப்பத்தில் வந்தாயா? எங்கே போக விரும்புகிறாய்? கூட்டிவந்தவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் கதவுக்கு வெளியேதான். கேட்பவரும் மொழிபெயர்ப்பவரும் பெண்களாகத்தான் இருக்க வேண்டும்.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சொந்தக்காரப் பெண் என்று சொல்லிக் கூட்டிவந்து வீட்டுவேலைக்கு விற்றுவிடுகிறார்கள் என்று இந்தியப் பத்திரிகைகளில் செய்தி வந்ததாம். டில்லி நாடாளுமன்றத்தில் யாரோ எழுந்து கேள்வி கேட்டாராம். கேள்வி தூதரகத்துக்கு வர, தூதரகம் கோலாலம்பூரை நச்சரிக்க, கோலாலம்பூர் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கிய சூடு இன்னும் ஆறவில்லை. உலக நாடுகளின் சபையில் இப்போதுதான் ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது. "புது நாடு புது மருமகள் மாதிரி. எல்லா வீட்டுப் பெரியம்மாக்களும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று மிஸ் லிம் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. யாரோ ஒருவர் டில்லியில் எழுந்து நின்று பேசியது கடலைத் தாண்டி, இத்தனை மேசைகளைத் தாண்டி, மலாக்காவில் மரமாகி, கீலும் கொண்டியும் போட்டுக்கொண்டு என் எதிரில் நிற்கிறது. போகும்போது அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனேன்.

அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் ரப்பர் கம்பெனியில் குமாஸ்தா. எதற்கும் அசரமாட்டான். "ஊர்ல அரிசி குடுக்க முடியலே, இங்க கதவு குடுத்தாங்களாக்கும்" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையைத் திருப்பினான்.

அவனுக்கு நாகப்பட்டினம் துறைமுகம் மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. அங்கே வேலைபார்த்த அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் கொட்டகை நிழலில் கப்பலுக்காகக் குந்தியிருக்கும் பெண்களைப் பார்ப்பேன். தரகன் ஒருவன் அவர்களுக்கு முறை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பான். "இவரு யாரு?" "மாமா." "இவங்க?" "அத்தை." தப்பாகச் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து. அந்த மாமாவோ வெள்ளை வேட்டியோடு நேராக உள்ளே போய்விடுவார். காத்திருப்பது என்பது அந்தப் பெண்களுடைய வேலை. உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு துணிக்கடை முதலாளி அஞ்சலை என்கிற பெண்ணைக் கூட்டிவந்தார். பதினாறு வயதிருக்கும். கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர் அவர். படியிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "நம்ம ஊரு பொண்ணுதானே நீ. பாத்து சொல்லும்மா தங்கச்சி. எங்க அக்கா மக இது, பேசத் தெரியாது" என்றார். அவளோடு உள்ளே வர ஓர் எட்டு வைத்தார். மிஸ் லிம் பெஞ்சைக் காட்டினார். அவர் என்னைப் பார்த்தார். நான் பெஞ்சைப் பார்த்தேன். கதவு மூடியது.

முதல் கேள்விக்கு "மாமா" என்றாள். இரண்டாவதுக்குத் தலையாட்டினாள். கொட்டகை நிழலில் கேட்ட அதே குரல்தான். பிறகு மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அவரு அங்கேயா இருக்காரு?"

"ஆமா."

"நிக்கிறாரா, உக்காந்திருக்காரா?"

எனக்கு விளங்கவில்லை. கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். முதலாளி குடையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு தோட்டத் தொழிலாளிகளுக்கு நடுவில் இடுங்கி உட்கார்ந்திருந்தார். சொன்னேன்.

"கூப்பிடுற வரைக்கும் உக்காந்திருப்பாரா?"

"கூப்பிடுற வரைக்கும்."

அதற்குப் பிறகுதான் அஞ்சலை பேசினாள். அக்காவும் இல்லை, மகளும் இல்லை. சித்தப்பாதான் அவளை அவரிடம் கைமாற்றிவிட்டிருக்கிறார். கடைவீட்டு வேலை முழுக்க அவள் தலையில். சம்பளம் கிடையாது. வாசலைத் தாண்ட விடுவதில்லை. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்றாள். மிஸ் லிம் நிமிர்ந்து உட்கார்ந்து, கவலை வேண்டாம், இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவோம் என்றார். மொழிபெயர்த்துச் சொன்னதும் அஞ்சலையின் முகம் மறுபடி மூடிக்கொண்டது. "என்னை வித்தவரு அங்கதானே அக்கா இருக்காரு."

மிஸ் லிம் ஆணையை எடுத்து மறுபடி வாசித்தார். டில்லி கேட்டது தன் பெண்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி. கோலாலம்பூர் அதற்குச் சம்மதித்திருந்தது. ஆணையில் ஊருக்குப் போகும் வழி இருந்தது, இங்கே இருக்கும் வழியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கடைசியில் கோலாலம்பூரோடு தொலைபேசியில் பேசி, தூதரகத்திலிருந்து ஆள் வரும்வரை அவளை நல்ல இந்துக் குடும்பம் ஒன்றில் வைத்திருக்கலாம் என்று முடிவானது. முதலாளிமீது விசாரணை தொடங்கியது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

இந்துக் குடும்பத்துக்கு நான் எங்கே போவேன்? காஜா பெராங்கில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்காரி வள்ளி மக்சிக்கிடம் போனேன். மக்சிக் என்றால் மலாயில் அத்தை மாதிரி. கம்போங் செட்டி என்கிற பழைய குடியிருப்பைச் சேர்ந்தவர். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். தமிழில் சாமி பெயர்களும் சில பண்டங்களின் பெயர்களும்தான் தெரியும். அவருடைய முன்னோர்களும் எங்கள் கரையிலிருந்து கப்பலேறியவர்கள்தாம், எத்தனையோ தலைமுறைக்கு முன்னால். கதையை முழுக்கக் கேட்காமலே பாயை எடுத்து உதறினார். மலாயில் மாரி என்றால் வா. முதல் நாள் அவர் "மாரி, மாரி" என்று சாப்பிடக் கூப்பிட, அஞ்சலை அம்மனைத்தான் அழைக்கிறார் என்று எழுந்து நின்று கும்பிட்டாள். மக்சிக் ஒரு கணம் திகைத்து, தானும் கும்பிட்டார். பிறகு சோற்றைப் போட்டார். டில்லிக்கு நாங்கள் வாக்குக் கொடுத்த இந்துக் குடும்பம் இதுதான். தமிழ் பேசுமா என்று யாரும் கேட்கவில்லை.

தூதரகத்து மனிதர் ஒரு நாள் டிக்கெட்டோடு வந்தார். கோட்டு போட்டிருந்தார், அழகாகத் தமிழ் பேசினார், உண்மையான அக்கறையும் இருந்தது. அஞ்சலையின் தலையில் கைவைத்து, வாம்மா போகலாம் என்று அவளோடு அறைக்குள் நுழைந்தார். மிஸ் லிம் பெஞ்சைக் காட்டினார்.

"மேடம், இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கினதே நாங்கதான்" என்றார் அவர்.

"தெரியும். நன்றி" என்றார் மிஸ் லிம்.

அந்த மனிதர் கதவை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். ஓர் அரசாங்கம் இன்னோர் அரசாங்கத்தின் பெஞ்சில், ஒரு பெண் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தது. நாகப்பட்டினத்துக் கொட்டகையில் குந்தியிருந்தவர்களுக்கு இதை எப்படிச் சொல்வேன்?

அஞ்சலை உட்காரக்கூட இல்லை. "ஊருக்குப் போறதுன்னா நானே ஒரு நாள் போவேன் அக்கா. யாரும் கொண்டுபோக வேணாம்" என்றாள்.

அந்தப் பதில் வெளியே போனது. தூதரகத்து மனிதர் ஒன்றும் வற்புறுத்தவில்லை. டிக்கெட்டை உள்பையில் வைத்துக்கொண்டு, இதைப் பற்றி மேலே எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் ஆணையில் ஒரு வரி கூடியிருந்தது. விரும்பினால் இங்கேயே இருக்கலாம் என்று. மிஸ் லிம் வாசித்துக் காட்டியபின் அந்தத் தாளை வாங்கி நானும் ஒருமுறை வாசித்தேன். அஞ்சலை இப்போது தையல் கடைக்குப் போகிறாள். மக்சிக்கோடு மலாயில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

போன மாதம் எங்கள் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போனோம். நல்ல மழை. அண்ணன் வழக்கம்போல் எனக்கும் சேர்த்துப் பேச முன்னால் போனான். மிஸ் லிம் அவனுக்குப் பெஞ்சைக் காட்டினார். அண்ணன் என்னைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளே போய் உட்கார்ந்தேன். எத்தனையோ பேருக்கு நான் தமிழில் சொன்ன கேள்விகளை அவர் என்னிடம் கேட்டார், சிரிக்காமல், ஒழுங்காக. முதல் கேள்விக்குப் பதில் உடனே வந்தது. உன் விருப்பத்தில் வந்தாயா? அப்பா சொன்னார், அண்ணன் கூட்டிவந்தான், ஆசையாகத்தான் ஏறினேன். ஆனால் யாரும் கேட்கவில்லை. எங்கே போக விரும்புகிறாய்? கேள்வியைத் தமிழில் எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மிஸ் லிம் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். மழையில் ஊதிப்போன கதவு முழுதாகச் சாத்தவில்லை. அந்த இடுக்கில் அண்ணனின் ஒரு செருப்பு மட்டும் தெரிந்தது. நாகப்பட்டினத்தில் வாங்கிய அடித்தோல், மலாக்காவில் போட்ட வார்.