மருதாணி எலிகளின் கணக்கு

உலகத்துக் கணக்கு மேதைகளை எல்லாம் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறுதட்டில் தருமபுரி கடலை மண்டி அப்துல் சுபானின் மகள் ஹமீதுன்னிசாவை உட்கார வைத்தால், மேதைகள் அத்தனை பேரும் மண்டி ஓட்டைப் பிய்த்துக்கொண்டு ஆகாயத்துக்குப் போய்விடுவார்கள். டெல்லி சர்க்கார் மனிதர்களை எண்ணவே பத்து வருஷத்துக்கு ஒரு முறைதான் துணிகிறது. மனிதர்களாவது கூப்பிட்டால் வாசலுக்கு வருவார்கள். ஹமீதுன்னிசா எண்ணியது எலிகளை.

இதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் அவளுடைய அத்தை மகன் கவுஸ் பாஷா. எழுதுவதும் அவன்தான். 'நான்' என்று எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்ற முன்யோசனை உள்ளவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் அவனும் ஒருவரை ஒருவர் மன்னித்துவிட்டதால், மாமாவின் மண்டியில் கோணி தைத்துக்கொண்டிருந்தான்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஹமீதுன்னிசா பி.எஸ்சி. கணக்கு முடித்தாள். மீனும் பூச்சியும் எப்படிப் பெருகும், எப்போது குறையும் என்று சமன்பாட்டில் சொல்கிற ஓர் இங்கிலீஷ் புத்தகம் காலேஜ் லைப்ரரியில் தூசியோடு கிடந்தது. அதைப் படித்துவிட்டு, மெட்ராஸ் போய் எம்.எஸ்சி. சேர வேண்டும் என்று அப்பாவிடம் நின்றாள். பூச்சியை எண்ண மெட்ராஸ் எதற்கு, நம் மண்டியில் இல்லாத எலியா என்று அவர் சிரித்தார். அப்புறம் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆடி மாசம் இங்க எத்தன எலி இருக்கும்னு இப்பவே சொல்லும்மா. சரியா இருந்தா அனுப்பறேன்."

அது சித்திரை மாதம். அன்றைக்கே வேலை தொடங்கியது. கூண்டில் சிக்கிய எலிகளின் தலையில் மருதாணியை அப்பி, திரும்ப மண்டிக்குள்ளேயே விட்டாள். பிடித்த எலியை விடுகிற பெண்ணை அந்தக் கடைவீதி அதுவரை கண்டதில்லை. மறுபடி பிடித்ததில் ஐந்தில் ஒன்றுக்குத் தலை சிவந்திருந்தால், பூசிவிட்ட எலிகள் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவுதான் சூட்சுமம். உறவுக்காரர் கல்யாணத்துக்கு அரைத்த மருதாணி போயிற்றே என்று அவள் அம்மா ரோஷன் பீ இரண்டு நாள் உருதுவில் திட்டி, போதாமல் தமிழுக்கு மாறினார். தையல்காரர் மஸ்தான் தன் மிஷின் அடியில் ஒரு செந்தலை எலியைப் பார்த்துவிட்டு, அரை நாள் கடையைப் பூட்டினார்.

இருப்பதை எண்ணுவது சுலபம். வரப்போவதை எண்ணுவதுதான் பாடு. பிறப்பைக் கூட்டி, சாவைக் கழித்து அவள் போட்ட முதல் கணக்குப்படி அடுத்த ரம்ஜானுக்குள் தருமபுரியில் மனிதர் கால் வைக்க இடமிருக்காது. இரண்டு நாள் நகத்தைக் கடித்தாள். பிறகு கோணிகளைப் பார்த்தாள். கடலை தீரத் தீர எலிக்குத் தீனி குறையும், தீனி குறைந்தால் குட்டி குறையும். அதைச் சமன்பாட்டில் நுழைத்ததும் பாய்ந்துகொண்டிருந்த கோடு வளைந்து படுத்தது. அவள் தனியாகச் சிரித்ததைக் கவுஸ் கோணி மறைவிலிருந்து பார்த்தான். நூற்றைம்பது என்று அப்பாவிடம் சொன்னாள்.

ஆனி முடிகையில் கோணி அடுக்கின் பின்னால் ஒரு பூனை நாலு குட்டி போட்டிருந்ததைக் கவுஸ் கண்டான். எலி நடமாட்டம் கண்ணுக்குத் தெரியவே குறைந்திருந்தது. அவள் காகிதத்தில் பூனையே கிடையாது. அவள் மெட்ராஸ் போனால் அவனை அதட்ட வீட்டில் ஆளில்லை, அது வேறு துக்கம். ஆனாலும் அவள் தோற்பதை அவனால் பார்க்க முடியாது. ஆடி எண்ணிக்கைக்கு முந்தின வெள்ளிக்கிழமை எல்லோரும் தொழுகைக்குப் போயிருந்தபோது, அவன் மட்டும் வெங்கடாசலத்தின் ரைஸ் மில்லிலிருந்து மூடியில் ஓட்டை போட்ட மண்ணெண்ணெய் டின்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான்.

ஆடியில் அவள் முப்பது எலிக்கு முதுகில் மருதாணி வைத்து விட்டாள். அடுத்துப் பிடித்த நாற்பதில் எட்டுக்கு முதுகு சிவந்திருந்தது. நூற்றைம்பது. அப்துல் சுபான் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கப் போனார்.

ஹமீதுன்னிசா கூண்டுகளை விட்டு நகரவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அப்பாவை நிறுத்தினாள்.

"பொட்டிய எறக்காதீங்கப்பா. இது தப்புக் கணக்கு."

பெருகியது பிறப்பால் என்றால் பாதிக்கு மேல் சின்னதாக இருக்க வேண்டும், இங்கே எல்லாம் கிழட்டு எலி, வெளியிலிருந்து வந்திருக்கிறது, வெளியிலிருந்து வருவதற்குத் தன் கணக்கில் இடமே விடவில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

அப்துல் சுபான் ஏணியில் நின்றபடியே யோசித்தார். "கைக்கு வந்த லாபத்தையே சந்தேகப்படறவ மெட்ராஸ்ல ஏமாற மாட்டா," என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இறக்கினார்.

கவுஸ் ஓடிப்போய்ப் பெட்டியைத் தாங்கினான். தும்மல் வந்ததுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஹமீதுன்னிசா கீழே உட்கார்ந்து காகிதத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்தாள்.

"வெளியிலிருந்து வந்தது மட்டும் அறுவது," என்று பொதுவாகச் சொன்னாள்.

கவுஸுக்குப் பொறுக்கவில்லை. அக்காவின் கணக்கு தப்பாகலாமா?

"நாப்பத்தி மூணுதான், ஆபா," என்றான்.

அவள் நாற்பத்து மூன்று என்று எழுதிக்கொண்டு, நிதானமாக நிமிர்ந்து பார்த்தாள்.