அப்பா விதைத்த பன்னம்

பிள்ளைகளே, உங்கள் அப்பப்பா, அதாவது என் அப்பா, இலையில் ஒரு புள்ளி கண்டாலே நோயின் பெயரைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரை எங்கள் கிணற்றுச் சுவரில் முளைத்த பன்னம், அதாவது பெரணிச் செடி, படாதபாடு படுத்தியது.

பன்னம் பூக்காது, இலையைத் திருப்பி அடியிலுள்ள புள்ளிகளைப் பார்த்துத்தான் சாதியை அறிய வேண்டும் என்று ரீச்சர் படிப்பித்த கிழமை, நான் கிணற்றுக்கட்டை விட்டு அசையவில்லை. உட்சுவரில் இரண்டு சாதி இருந்தன. ஒன்றின் இலையோரம் மடிந்து, தன் புள்ளிகளைத் தானே மூடியிருந்தது. மற்றதில் புள்ளிக்கொரு தொப்பி, கஜுக்கொட்டை என்ற முந்திரிக்கொட்டை வடிவில். தொப்பிக்காரனை அப்பாவிடம் காட்டினேன். அதுதான் வினை.

“பூச்சி முட்டை,” என்றார் அப்பா. “மிளகாய்க்குப் பரவமுந்தி எல்லாத்தையும் சுரண்டவேணும்.”

“முட்டையில்லை அப்பா. விதை மாதிரி எண்டு ரீச்சர் சொன்னவ.”

“விதையெண்டால் முளைக்கவேணும்.”

பூச்சிமருந்து கிடைக்காத காலம். மிளகாய் போனால் அவருக்கு வருடமே போய்விடும். எனக்கோ, நானாக இனங்கண்ட முதல் செடிகள் அவை. அம்மா குசினிக்குள் இருந்தே தீர்ப்புச் சொன்னா:

“போட்டுப் பாருங்கோவன். பொங்கலுக்குள்ள முளைச்சால் விடுங்கோ. இல்லாட்டிச் சுரண்டுங்கோ.”

அப்பா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். மண்ணை அரித்துச் சட்டியில் இட்டு, அந்தத் தொப்பிகளுக்குள்ளிருந்து உதிர்ந்த பழுப்புத் தூளைத் தூவி, நிழலில் வைத்து, கோழி கிளறாமல் முள்ளும் வைத்தார். தானே பூச்சி முட்டை என்று சொன்னதற்கு இத்தனை காவல்.

“என்னண்ணை, மூக்குப்பொடியே விதைக்கிறியள்?” என்றார் பக்கத்துக் காணிக்காரர்.

“ஓம். முளைச்சால் உமக்கும் ஒரு சிட்டிகை தாறன்.”

பொங்கலும் நெருங்கியது. சட்டியில் தண்டுமில்லை, இலையுமில்லை. நடுவில் பிளந்த இதயம்போலச் சின்னச் சின்னப் பச்சைச் செதில்கள் மண்ணோடு ஒட்டிக்கிடந்தன.

“பாசி,” என்றார் அப்பா.

நானும் குனிந்து பார்த்தேன். பாசிதான். தோற்ற துக்கத்தில் நானே சிரட்டையால் சுரண்டி வாழையடியில் கொட்டினேன். அப்பா கயிற்றில் இறங்கிக் கிணற்றுச் சுவரை மொட்டையடித்தார்.

அடுத்த மாரியில் வாழையடியில் ஒரு பன்னம் நின்றது. இலையைத் திருப்பினேன். கஜுக்கொட்டைத் தொப்பிகள்.

“கிணத்துக்கயிருந்து சுரண்டிக் கொட்டினதிலை விழுந்திருக்கும்,” என்றார் அப்பா. ஆனால் அதைச் சுரண்டவில்லை.

நானும் அப்படியே நம்பினேன். அந்தப் பச்சை இதயங்கள்தான் பன்னத்தின் முதல் உருவம் என்பதும், வழக்கில் வென்ற நானே சிரட்டையோடு ஓடினேன் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.