மில் சத்தம் நின்ற இடம்

ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்திவிட்டு, ரத்தினபாய் சுவர்க் கடிகாரத்தை ஆணியிலிருந்து கழற்றிப் பீரோவில் புடவைகளுக்கு நடுவே படுக்கவைக்கிறார். அடுத்தது மின்விசிறி. அதன் இறக்கைகள் முற்றிலும் ஓயும்வரை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். பாதியில் நம்பி உட்கார்ந்துவிடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. குழல்விளக்கு முனகும் என்பதால் அதுவும் அணைகிறது. கணினித் திரையின் வெளிச்சம் மூக்குக்கண்ணாடியில் அடிக்கும் என்று அதன்மேல் ஒரு துண்டு விழுகிறது. வளையல்கள் மேஜை இழுப்பறைக்குள் போகின்றன. கஞ்சி போட்ட புடவை சரசரக்கும். ஆகவே பதிவு நாளில் துவைத்துத் துவைத்துத் துவண்டுபோன நூல் புடவைதான். கடைசியாக, கழுத்தைச் சுற்றி ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் புத்தகத்தை விரித்து ஒலிவாங்கியின் முன் அமர்கிறார்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்குப் பின்புறத் தெருவில், தரைத்தள வீடு. தொலைபேசி இணைப்பகத்தில் காலம் முழுதும் பிறருடைய குரல்களைப் பிறரிடம் சேர்ப்பித்த பெண்மணி, விருப்ப ஓய்வுக்குப் பிறகு தம் குரலைப் பார்வையற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். பாடப்புத்தகங்களைப் படித்துப் பதிந்து அனுப்புகிறார். அடிக்குறிப்பைக்கூட விடமாட்டார். அட்டவணை வந்தால் கட்டம் கட்டமாகச் சொல்வார். படம் வந்தால், "இங்க ஒரு படம் இருக்கு. ஒரு கொழந்த மணிச்சட்டத்த வச்சிகிட்டு உக்காந்திருக்கு. சிரிக்கல" என்பார்.

கணவர் சுந்தர்சிங் கூடத்தில் காதொலிப்பான் மாட்டிக்கொண்டுதான் தொலைக்காட்சி பார்க்கிறார். வந்தவர்களிடம், "மோட்டார் சைக்கிளுக்குத்தான் சைலன்ஸர்னு நெனச்சேன். இந்த வீட்டுல எனக்கே மாட்டிட்டா" என்று சொல்லிச் சிரிப்பார். தும்மல் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

மின்சாரம் போனால் 'கீக், கீக்' என்று கத்திக்கொண்டே கணினியைப் பேட்டரியில் ஓட்டுகிற யு.பி.எஸ். ஒன்று பீரோவின் பின்னால் இருக்கிறது. அதன் வாயையும் ரத்தினபாய் அடைத்திருக்கிறார். அதற்கான மென்பொருளில் ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு டிக் அடித்தால் அது ஊமையாகிவிடும். கூடத்துக்கும் சமையலறைக்கும் இன்வெர்ட்டர் இருக்கிறது. கணினிக்குத்தான் தனியாக ஒன்று இருக்கிறதே என்று இந்த அறைக்கு அந்த இணைப்பைத் தரவில்லை.

அவரால் நிறுத்த முடியாத ஓசை ஒன்றே ஒன்று. அடுத்த தெருவில் முனிரத்தினத்தின் மாவு மில். கண்ணாடியைச் சாத்தினாலும் அதன் பெல்ட் ஓசை ஒரு மெல்லிய இரைச்சலாக உள்ளே வந்துவிடும். முதல் வருடம் நேரில் போய், காலையில் ஒரு மணி நேரம் மட்டும் நிறுத்த முடியுமா என்று கேட்டார். மிளகாய்த்தூள் படிந்த பனியனோடு முனிரத்தினம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா, ஊருக்கு மாவு வோணாவா? உன் பொஸ்தகத்த துன்னா பசி ஆறுமா?" என்றார். வரிசையில் டின்னோடு நின்றவர்கள் சிரித்தார்கள். ரத்தினபாயும் சிரித்துவிட்டுத் திரும்பினார். பதிவைக் கேட்கிற தமிழினிக்கோ அது பழகிப்போயிற்று. "உங்க பாடத்துல மில்லும் சேந்து படிக்குதுக்கா" என்பாள்.

தமிழினி ஊரப்பாக்கத்தில் இருக்கிறாள். பிறவியிலேயே பார்வையில்லை. காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. வருகிற ஞாயிற்றுக்கிழமைத் தகுதித் தேர்வில் தேறினால் வேலை நிலைக்கும். தேறாவிட்டால் ஜூன் மாதம் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவார். குழந்தை உளவியல் புத்தகம் அச்சில் மட்டும்தான் கிடைக்கிறது. அதில் கடைசிப் பாடம்தான் நீளமானது. தேர்வில் அதிகம் கேட்கப்படுவதும் அதுதான். அந்தப் பாடம் ஒன்று மட்டும் பாக்கி.

அந்தப் பாடத்தில்தான் கணினி தானாக அணையத் தொடங்கியது.

பாடம் ஒன்றை ஒரே அமர்வில் படிப்பது ரத்தினபாயின் கட்டுப்பாடு. காலைக் குரலையும் மாலைக் குரலையும் ஒட்டினால் தமிழினி கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தாலும் பரவாயில்லை, ஆனால் அவள் பாடத்தை நினைவில் வைப்பதே குரலின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டுதான். எனவே பாதியில் நின்ற பதிவை ரத்தினபாய் வைத்துக்கொள்வதில்லை. கணினி மறுபடி எழுந்ததும், "சேமிக்காத பதிவு ஒன்று இருக்கிறது, மீட்கவா?" என்று செயலி கேட்கும். "வேண்டாம்" என்பதை அழுத்திவிட்டு முதல் வரியிலிருந்து தொடங்குவார். அந்தக் கடைசிப் பாடத்தை அவர் எத்தனை முறை தொடங்கினார் என்பது சுந்தர்சிங்குக்குத் தெரியும். முதல் பத்தி அவருக்கே மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது.

கணினி பழுது பார்க்கும் விக்கியை அழைத்தார்கள். சேலையூரில் கடை வைத்திருக்கிறவர்; சென்ற மாதம் யு.பி.எஸ்.ஸின் பேட்டரியை மாற்றி, மென்பொருளையும் புதிதாக ஏற்றிக் கொடுத்தவர் அவர்தான். சூடு என்று சொல்லி உள்ளே இருந்த தூசியை ஊதினார். மறுநாளும் அணைந்தது. பவர் சப்ளை என்று சொல்லிப் பெட்டியைக் கடைக்குத் தூக்கிப் போனார். அங்கே அது பொழுது முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கடைல சும்மா ஜம்முனு ஓடுது மேடம். இங்க வந்தாதான் அதுக்கு ஏதோ ஆவுது" என்று தலையைச் சொறிந்தார்.

"ஜெபம் பண்ணிப் பாக்கலாமா?" என்று கூடத்திலிருந்து சுந்தர்சிங் கேட்டார்.

"அதையும் பண்ணிகிட்டுதான் இருக்கேன்" என்றார் ரத்தினபாய். "நீங்க அந்த ப்ளக்கப் பிடுங்குங்க."

சுவரிலிருந்து யு.பி.எஸ்.ஸின் இணைப்பைப் பிடுங்கிச் சோதித்தார்கள். கணினி அசையவில்லை. இரண்டு நிமிடம் போலப் பார்த்துவிட்டு மறுபடி செருகினார்கள். பேட்டரி புதியது, நன்றாகத் தாங்குகிறது. ஆகவே குற்றவாளி அது இல்லை என்று ரத்தினபாய் அதைப் பட்டியலிலிருந்து நீக்கினார். சந்தேகத்துக்குரிய ஒவ்வொன்றையும் அப்படி முறையாகச் சோதித்து நீக்கிக்கொண்டே போனதில், கடைசியில் சந்தேகப்பட எதுவும் மிஞ்சவில்லை. அணைவது மட்டும் நிற்கவில்லை.

புதன்கிழமை முற்பகல், பாடத்தின் பாதியைத் தாண்டியபோது மறுபடி அணைந்தது. துண்டை விலக்கிப் பார்த்தால் கறுப்புத் திரை. அன்று மாலை தமிழினி தொலைபேசியில் பேசினாள். "பரவால்லக்கா. விடுங்க. மத்ததெல்லாம் நல்லாப் படிச்சிட்டேன், இருக்கறத வச்சி எழுதிடறேன்" என்றாள். எதிர்முனையில் இருப்பவர் மெய்யாகவே சொல்கிறாரா, பண்புக்காகச் சொல்கிறாரா என்று குரலில் தரம் பிரிப்பது ரத்தினபாய் முப்பது வருடம் பார்த்த வேலை. "நீ யாரு விடச் சொல்ல?" என்றார். "வெள்ளிக்கிழம உன் கைக்கு வரும். வேற பாடத்தப் படிச்சிகிட்டிரு."

வைத்துவிட்டுக் கணினியின் முன் உட்கார்ந்தார். செயலி வழக்கம்போல் கேட்டது. விரல் வழக்கம்போல் "வேண்டாம்" பக்கம் போய், அங்கேயே நின்றது. ஒவ்வொரு முறையும் கணினி சாகும்போது அருகில் இருந்த ஒரே சாட்சி இந்தப் பதிவுதான். ஒவ்வொரு முறையும் அதைத் தம் கையாலேயே அழித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "மீட்க" என்பதை அழுத்தினார்.

தம் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார். பிழையில்லை. "குழந்தையின் கவன..." என்ற இடத்தில் குரல் அறுந்தது. மறுபடி கேட்டார். மூன்றாம் முறை, குரலை விட்டுவிட்டுக் குரலுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்டார். அறுபடுவதற்குச் சற்று முன்னால் ஏதோ ஒன்று இல்லை. பின்னோக்கி நகர்த்தினார். அங்கே இருந்தது, மெல்லிய பெல்ட் இரைச்சல். இன்னும் கொஞ்சம் முன்னோக்கி நகர்த்தினார். பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு 'டக்'. அந்த இடத்தில் இரைச்சல் அடங்குகிறது. அதற்கப்புறம் அவருடைய குரல் மட்டும், தூய மௌனத்தில், ஐந்து நிமிடம். பிறகு அதுவும் இல்லை.

எந்த ஓசையை நிறுத்தச் சொல்லி வரிசையின் முன் நின்றாரோ, அது நின்றிருந்தது. நின்றதை அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை கையில் டின் எதுவும் இல்லாமல் மாவு மில்லுக்குப் போனார். முனிரத்தினம் அவரைப் பார்த்ததுமே, "இன்னாம்மா, திருப்பி நிறுத்தச் சொல்லி வந்துகிறியா?" என்றார்.

"இல்ல. நேத்து பதினோரு மணிக்கு மேல ஏன் நிறுத்துனீங்கன்னு கேக்க வந்தேன்."

முனிரத்தினம் ராகி மாவைத் தள்ளிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டார். "நா எங்க நிறுத்துனேன்? கரண்டு பூட்ச்சு. ரோட்ல பள்ளம் நோண்டி கேபிள் போட்டுகினு கீறாங்கோ, ஒரு மாசமா டெய்லி இதே பேஜாரு. பாதி மாவுல நிக்குது. ஏன், உங்க வூட்ல போவலியா?"

போயிருக்கிறது. கூடத்தில் இன்வெர்ட்டர் விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்ததால் சுந்தர்சிங்குக்குத் தெரியவில்லை. உள்ளே மின்சாரத்தில் ஓடுகிற ஒவ்வொன்றையும் தம் கையாலேயே அணைத்துவிட்டு, கத்துகிற ஒன்றின் வாயையும் அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்ததால் ரத்தினபாய்க்கும் தெரியவில்லை. முந்தைய பாடங்கள் சிறியவை, மின்சாரம் போவதற்குள் முடிந்துவிட்டிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் யு.பி.எஸ்.ஸின் மென்பொருளைத் திறந்தார். ஓசையை அடைக்கிற கட்டம் முதல் வரியில் இருந்தது. விக்கி புதிதாக ஏற்றிக் கொடுத்த அன்று, அவசரமாகத் தேடிப் பிடித்து டிக் அடித்த கட்டம். அதற்கு நேர் கீழே இரண்டாவது வரி: மின்சாரம் நின்று ஐந்து நிமிடம் ஆனால் கணினியை நிறுத்து. மென்பொருளைச் செய்து அனுப்பியவர்கள் வைத்தபடியே இருந்தது. அடிக்குறிப்பைக்கூட விடாத ரத்தினபாய் அந்த ஒரு வரியை விட்டிருந்தார்.

உடனே மாற்றிவிடவில்லை. சுந்தர்சிங்கைக் கூப்பிட்டு மறுபடி இணைப்பைப் பிடுங்கச் சொன்னார். இந்தத் தடவை இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஐந்தாம் நிமிடம் கணினி மரியாதையாக ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு அணைந்தது. அத்தனை நாளும் துண்டுக்கு அடியில் காட்டிக்கொண்டிருந்த எச்சரிக்கை. "பாவம், அது சொல்லிட்டுதான் போயிருக்கு" என்றார் சுந்தர்சிங். அதற்குப் பிறகுதான் பேட்டரி தீருகிற தறுவாய்வரை ஓடும்படி அந்த வரியை மாற்றினார்.

ஓசைக் கட்டத்தில் மட்டும் கைவைக்கவில்லை. பதிவுக்குள் 'கீக்' விழக் கூடாது. ஆனால் மின்சாரம் போவது தமக்குத் தெரியவும் வேண்டும். பரணில் இருந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இறக்கச் சொல்லி, அதன் வயிற்றிலிருந்த சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பை ஹோல்டரோடு கழற்றி, தாம் உட்காரும் இடத்துக்கு எதிரே சுவர்ப் பிளக்கில் செருகினார். "டிசம்பர்ல ஸ்டாருக்கு என்ன பண்ணுவ?" என்று சுந்தர்சிங் கேட்டார். டிசம்பர் வரட்டும் என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை. கடிகாரம் புடவைகளுக்கு நடுவே போயிற்று. விசிறி ஓய்ந்தது. துண்டு விழுந்தது. சிவப்புப் பொட்டு ஒன்று எதிரே எரிய, தொலைவில் மில்லும் சேர்ந்து படிக்க, கடைசிப் பாடம் முதல் வரியிலிருந்து தொடங்கியது.

பாதியைத் தாண்டியபோது பல்பு அணைந்தது. பீரோவுக்குப் பின்னால் ஒரு 'டக்'. மில் நின்றது. ரத்தினபாய் கண்ணை உயர்த்தி, எரியாத பல்பைப் பார்த்தார். பேட்டரி எவ்வளவு தாங்கும் என்பது யாருக்கும் நிச்சயமில்லை. வலக்கையின் இரு விரல்களுக்கு நடுவே மீதிப் பக்கங்களின் கனத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். வாசிப்பின் வேகம் ஓர் அட்சரம்கூடக் கூடவில்லை. அட்டவணை வந்தது, கட்டம் கட்டமாகச் சொன்னார். படம் வந்தது, அதையும் விவரித்தார். அடிக்குறிப்பையும் படித்தார். கழுத்திலிருந்த துண்டு உலர்ந்து, வியர்வையில் மறுபடி நனைந்தது. கடைசி வாக்கியத்தை முடித்து, முற்றுப்புள்ளிக்கு உரிய இடைவெளியையும் விட்டபிறகுதான் கை மௌஸுக்குப் போயிற்று. சேமித்தார். சேமித்ததைத் திறந்து, கடைசி வரி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொண்டார். இருந்தது.

எழுந்து, பழக்கத்தில் விசிறியின் சுவிட்சைப் போட்டார். அண்ணாந்து பார்த்தார். இறக்கைகள் அசையவில்லை, மின்சாரம் இன்னும் வந்திருக்கவில்லை. மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, படித்து முடித்த புத்தகத்தை மூடி, அதனாலேயே முகத்துக்கு விசிறிக்கொள்ளத் தொடங்கினார்.